தடுப்பூசியும் ஒரு கிலோ பருப்பும்: நடத்தை அறிவியலைக் கொண்டு பொதுத் திட்டம் வகுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டக் கிராமங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இலவசம்தான். ஆனாலும் அங்கே நடந்த ஓர் ஆய்வில், புதிய ஏற்பாடு எதுவும் செய்யப்படாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி பெற்றிருந்த குழந்தைகள் 100-க்கு 6 பேர் மட்டுமே. இதைக் கேட்டதும் நம் வாயில் முதலில் வருவது "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்ற வாக்கியம். அதைத் தொடர்ந்து பேரணி, துண்டுப் பிரசுரம், சுவரொட்டி எல்லாம் வரும்.

அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் சற்று நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஒரு திட்டத்தை மக்கள் பயன்படுத்தவில்லை என்றால் குறை அவர்கள் அறிவில் இருப்பதாக நாம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். நடத்தை அறிவியல் வேறோர் இடத்தில் தேடச் சொல்கிறது: அந்த முடிவு எடுக்கப்படும் நாளில், அந்த நேரத்தில், அங்கே போகும் வழியில். ஊராட்சி உறுப்பினர், பள்ளித் தலைமை ஆசிரியர், மகளிர் குழுப் பொறுப்பாளர், அரசு அலுவலர் என யாரும் இந்த முறையைக் கையாளலாம். உதய்ப்பூரையே கடைசி வரை துணைக்கு வைத்துக்கொள்வோம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

பழைய பொருளாதாரப் பாடங்களில் வரும் மனிதர் எல்லாத் தகவலையும் திரட்டி, எல்லாக் கணக்கையும் போட்டு, தனக்கு மிகுந்த நன்மை தருவதைத் தேர்ந்தெடுப்பவர். நம் நேரமும் கவனமும் கணக்குத் திறனும் அளவுக்கு உட்பட்டவை, அதனால் 'இது போதும்' என்று படுவதை எடுத்துக்கொண்டு நகர்கிறோம் என்று எடுத்துக்காட்டியவர் ஹெர்பர்ட் சைமன். 1978-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. அவருக்குப் பின் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் நம் தவறுகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டினார்கள்.

1981-ல் அவர்கள் வெளியிட்ட ஒரு சோதனையை அறிந்தால் போதும். 600 பேரைப் பலிகொள்ளக்கூடிய நோய் ஒன்று வருகிறது. முதல் திட்டத்தில் 200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள். இரண்டாவதில் 600 பேரும் பிழைக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒருவரும் பிழைக்காமல் போக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. கேட்கப்பட்டவர்களில் 72 சதவீதம் பேர் நிச்சயமான முதல் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றொரு குழுவிடம் இதே கணக்கை மாற்றிச் சொன்னார்கள்: முதல் திட்டத்தில் 400 பேர் இறப்பார்கள், இரண்டாவதில் ஒருவரும் இறக்காமலிருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, 600 பேரும் இறக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. இப்போது 78 சதவீதம் பேர் இரண்டாவது பக்கம் சாய்ந்தார்கள். எண்களில் ஒரு மாற்றமும் இல்லை. 'பிழைப்பார்கள்' என்ற சொல் 'இறப்பார்கள்' ஆனதும் முடிவு தலைகீழானது. இழப்பாகத் தெரியும் ஒன்றைத் தவிர்க்க நாம் துணிந்து பந்தயம் கட்டுகிறோம்.

கானமனுக்கு 2002-ல் நோபல் கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996-லேயே காலமாகிவிட்டார். இந்த அறிவைப் பொதுக் கொள்கைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னணியில் நின்ற ரிச்சர்ட் தாலர் 2017-ல் பரிசு பெற்றார். யாரையும் கட்டாயப்படுத்தாமல், எந்த வழியையும் அடைக்காமல், நல்ல முடிவை எளிதாக்கும் சிறு மாற்றத்துக்கு அவரும் காஸ் சன்ஸ்டீனும் வைத்த பெயர் 'நட்ஜ்'. தமிழில் மெல்லிய உந்துதல் என்று சொல்லலாம்.

படி 1: ஒரே ஒரு செயலைக் குறித்துக்கொள்ளுங்கள்

"தடுப்பூசி விகிதம் உயர வேண்டும்" என்பது விருப்பம். "பிறந்து ஓராண்டுக்குள் ஐந்து முறை, ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசி போடும் இடத்துக்கு வர வேண்டும்" என்பது செயல். யார், எதை, எங்கே, எத்தனை முறை என்று எழுதிய உடனேயே பாதி உண்மை வெளியே வந்துவிடும். ஐந்து முறை என்று எழுதும்போதுதான், இரண்டாவது முறைக்கும் ஐந்தாவது முறைக்கும் இடையில் ஒரு குடும்பத்தில் என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்ற எண்ணமே வருகிறது.

படி 2: அந்த வழியில் நீங்களே நடந்து பாருங்கள்

உதய்ப்பூரில் ஆய்வாளர்கள் முதலில் செய்தது இதைத்தான். துணைச் சுகாதார நிலையங்களை வேலை நேரத்தில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 56 சதவீத நேரம் அவை பூட்டிக் கிடந்தன. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வெயிலில் குழந்தையைச் சுமந்துகொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய தாய் அடுத்த மாதம் போகாமலிருந்தால், அதில் அறியாமை எங்கே இருக்கிறது? அவர் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவரின் முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றபோது இந்தப் பாடம் எனக்கும் கிடைத்தது. ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவந்தார். அதில் இருந்த முக்கியமான வரி இது: "பார்வையில் கண்ட கடிதத்தின்படி, மேற்படி பயனாளி உரிய ஆவணங்களுடன் சம்பந்தப்பட்ட அலுவலரை நேரில் அணுகுமாறு தெரிவிக்கலாகிறது." மூன்று முறை படித்தேன். உரிய ஆவணங்கள் எவை, சம்பந்தப்பட்ட அலுவலர் யார், எந்த நாளில் அணுகுவது, ஒன்றும் புரியவில்லை. பாட்டி முதல் நாள் ஆட்டோ பிடித்துப் போனார். வங்கிப் புத்தகத்தின் நகல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை போனபோது அந்த அலுவலர் முகாமுக்குப் போயிருந்தார். மூன்றாம் முறை போக அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கோப்பில் 'பயனாளி ஆஜராகவில்லை' என்றுதான் எழுதியிருப்பார்கள்.

அன்றிரவு அந்தக் கடிதத்தை இப்படி மாற்றி எழுதிப் பார்த்தேன்:

"உங்கள் உதவித்தொகை தொடர்ந்து வர, ஆதார் அட்டை நகல், வங்கிப் புத்தக நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மாடியில் 3-ஆம் அறை. செவ்வாய், வியாழன் காலை 10 முதல் 1 மணி வரை. வர இயலாதவர்கள் இந்த எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் நாங்கள் வீட்டுக்கு வருகிறோம்."

இதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு இல்லை. மக்களுக்கும் அவர்கள் உரிமைக்கும் நடுவே கிடக்கும் இத்தகைய தேவையற்ற தடைகளைத் தாலர் 'ஸ்லட்ஜ்' என்கிறார். காலை வைத்தால் இழுத்துக்கொள்ளும் சேறு. புதிய உந்துதலைத் தேடுவதற்கு முன் இந்தச் சேற்றை வாருங்கள். அமெரிக்காவில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி உதவித்தொகைக்கான நீண்ட படிவத்தை நிரப்பக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கைகொடுத்தார்கள். பிள்ளைகளில் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். ஒரு படிவம் எத்தனை பேரின் படிப்பைத் தடுத்து வைத்திருந்தது பாருங்கள்.

படி 3: முடிச்சு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

சேற்றை வாரிய பிறகும் மக்கள் வரவில்லை என்றால், மனத்தில் எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல முடிச்சுகள் உண்டு. நான் அடிக்கடி சந்திப்பவை நான்கு.

முதலாவது, இன்று எதிர் நாளை. தடுப்பூசியின் நன்மை என்றோ வரப்போவது, அதுவும் நோய் வராமல் இருப்பது என்ற கண்ணுக்குத் தெரியாத நன்மை. அதன் செலவோ இன்றே: கூலி போகும், குழந்தை அழும், இரவு காய்ச்சல் அடிக்கும். எனவே 'அடுத்த மாதம் போகலாம்' என்று தோன்றுகிறது. மேற்குக் கென்யாவின் மக்காச்சோள விவசாயிகளிடமும் இதையே கண்டார்கள். உரம் போட வேண்டும் என்று அவர்கள் உண்மையாகவே நினைக்கிறார்கள். ஆனால் விதைப்புப் பருவம் வருவதற்குள் கையிலிருந்த பணம் கரைந்துவிடுகிறது. அறுவடை முடிந்த கையோடு, பணம் இருக்கும்போதே, 'இப்போது கட்டினால் பின்னர் உரத்தை வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம்' என்று சொன்னபோது உரப் பயன்பாடு ஏறக்குறைய பாதி அளவு கூடியது. விதைப்பு நேரத்தில் 50 சதவீத மானியம் கொடுத்தால் என்ன பலன் கிடைக்குமோ அதற்கு நிகரான பலன், நேரத்தை மாற்றியதாலேயே கிடைத்தது.

இரண்டாவது, மனத்தின் பாரம். இதற்கான புகழ்பெற்ற சான்று நம் ஊரிலிருந்து வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதை நடத்திய குழுவில் தமிழ்நாட்டில் பிறந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் ஒருவர். 2013-ல் முடிவுகள் வெளியாயின. கரும்பைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. கரும்புக்காரருக்கு வருமானம் ஒட்டுமொத்தமாக அறுவடைக்குப் பின்தான் வருகிறது. ஆனால் ஆலை எல்லார் கரும்பையும் ஒரே நேரத்தில் அரைக்க முடியாது என்பதால், வெட்டும் நாள் ஒவ்வொருவருக்கும் மாதக்கணக்கில் முன்னும் பின்னுமாக அமைகிறது. ஒரே மாதத்தில், ஒரே ஊரில், ஒருவர் கையில் பணம் இருக்கும். இன்னொருவர் வெட்டுக்காகக் காத்துக்கொண்டிருப்பார். எனவே மழை, வெயில், திருவிழா ஆகியவற்றின் பாதிப்பைப் பணத்தட்டுப்பாட்டின் பாதிப்பிலிருந்து பிரித்தெடுக்க முடிந்தது.

அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் 4 சதவீதம் பேர்தான். கடன் வைத்திருந்தவர்கள் 99 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைந்தார்கள். இதே மனிதர்களுக்கு இரண்டு முறையும் வடிவப் புதிர்களும் கவனத்தைச் சோதிக்கும் பயிற்சிகளும் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன் செய்ததைவிட அறுவடைக்குப் பின் தெளிவாக நன்றாகச் செய்தார்கள். ஆள் ஒருவரே, அறிவும் அதுவே. நகை மூழ்கிவிடுமோ என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருக்கும் மனத்தில் மற்றதற்கு இடம் குறைந்துபோகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்த முடிவை எல்லா இடத்துக்கும் பொருத்திவிட முடியாது. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழை மக்களைச் சோதித்த வேறோர் ஆய்வில் அறிவாற்றலில் அப்படி வேறுபாடு தென்படவில்லை. ஆனாலும் திட்டம் வகுப்பவருக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைக் குறிப்பு கிடைக்கிறது. பயிர்க் காப்பீட்டுப் படிவம், கடன் மறுசீரமைப்பு, புதிய சாகுபடிப் பயிற்சி இவற்றையெல்லாம் கை வறண்ட மாதங்களில் வைக்காதீர்கள். கையில் பணம் வந்த மாதத்தில் வையுங்கள்.

மூன்றாவது, நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்பது. பிரிட்டன் அரசு 2010-ல் இதற்கென்றே ஒரு நடத்தை அறிவியல் குழுவை அமைத்தது. வரி கட்டத் தவறியவர்களுக்குப் போகும் கடிதத்தில் ஓரிரு வரிகளை மட்டும் மாற்றி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். நாட்டில் பத்தில் ஒன்பது பேர் நேரத்துக்கு வரி கட்டுகிறார்கள், கட்டாத மிகச் சிலரில் நீங்களும் ஒருவர் என்ற செய்தியே நன்றாக வேலை செய்தது. கட்டியவர்களின் விகிதம் ஏறக்குறைய ஐந்து சதவீதப் புள்ளி உயர்ந்தது, அதாவது 100 பேரில் கூடுதலாக ஐந்து பேர் கட்டினார்கள்.

ஆனால் இது இருபுறமும் வெட்டும் கத்தி. கலிபோர்னியாவின் சான் மார்க்கோஸ் நகரில் வீடுகளுக்கு அக்கம்பக்கத்தின் சராசரி மின் பயன்பாட்டைத் தெரிவித்தபோது, அதிகம் செலவழித்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். குறைவாகச் செலவழித்தவர்களோ சராசரியை நோக்கி ஏறினார்கள். அவர்களுடைய தாளில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து பாராட்டிய பிறகே அந்த ஏற்றம் நின்றது. நம் ஊரில் "இங்கே குப்பை கொட்டாதவர் யாருமில்லை, இந்த நிலை மாற வேண்டும்" என்ற தொனியில் வைக்கப்படும் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நகரம்தான் நினைவுக்கு வருகிறது. எல்லாரும் கொட்டுகிறார்கள் என்பதல்லவா அந்தப் பலகை தரும் செய்தி.

நான்காவது, எதுவும் செய்யாவிட்டால் எது நடக்கும் என்பது. அமெரிக்க நிறுவனம் ஒன்றில், புதிய ஊழியர்கள் தாங்களாகக் கையெழுத்துப் போட்டு ஓய்வூதியச் சேமிப்பில் சேர வேண்டும் என்றிருந்தபோது 49 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். தானாகவே சேர்த்துவிட்டு, வேண்டாதவர் விலகலாம் என்று மாற்றியதும் 86 சதவீதம் ஆனது. பிரிட்டன் 2012 முதல் நாடு முழுவதும் இந்த முறையைக் கொண்டுவந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஊழியர்களைச் சேர்த்தது. இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்த அமெரிக்க நிறுவனம் தானாக வைத்திருந்த சேமிப்பு அளவு சம்பளத்தில் 3 சதவீதம். இல்லாவிட்டால் கூடுதலாகச் சேமித்திருக்கக்கூடிய சிலரும் அந்த 3 சதவீதத்திலேயே தங்கிவிட்டார்கள். மனிதர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்று தெரிந்தே ஓர் அளவை வைக்கிறோம் என்றால், அந்த அளவுக்கு நாமே பொறுப்பு.

படி 4: முடிச்சுக்கேற்ற மருந்து

உதய்ப்பூரில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் இரண்டு மருந்துகளைத் தயாரித்தார்கள். ஒன்று, பூட்டிய கதவுக்கு: மாதந்தோறும் குறித்த தேதியில், குறித்த நேரத்தில், தவறாமல் கிராமத்துக்கே வரும் தடுப்பூசி முகாம். மற்றொன்று, 'அடுத்த மாதம் போகலாம்' என்ற தள்ளிப்போடலுக்கு: அதே முகாம், கூடவே ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசிகளும் முடிந்ததும் உலோகத் தட்டுகள்.

பருப்பின் அளவைக் கவனியுங்கள். தடுப்பூசியை வெறுக்கும் ஒருவரின் மனத்தை விலைக்கு வாங்க ஒரு கிலோ பருப்பு போதாது. போட்டால் நல்லதுதான், ஆனால் இன்றைக்கு வேண்டாம் என்று நினைக்கும் தாய்க்கு, இன்றே வருவதற்கு ஒரு காரணமாக அது போதும். மருந்தின் அளவை வைத்தே நோயை எப்படிக் கணித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

படி 5: குலுக்கிப் போட்டுச் சோதியுங்கள்

பலரும் தவறுவது இங்கேதான். திட்டத்தை எல்லா ஊரிலும் தொடங்கிவிட்டு, ஆண்டிறுதியில் எண்ணிக்கை கூடியதும் வெற்றி என்று அறிவித்துவிடுகிறோம். அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்திருக்கலாம், புதிய சாலை வந்திருக்கலாம், நல்ல செவிலியர் ஒருவர் மாற்றலாகி வந்திருக்கலாம். உங்கள் திட்டம்தான் காரணம் என்று எப்படித் தெரியும்?

உதய்ப்பூரில் 134 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 30 கிராமங்களில் முகாம் மட்டும், 30 கிராமங்களில் முகாமும் பருப்பும், 74 கிராமங்கள் ஒப்பீட்டுக்கு. 2010-ல் வெளியான முடிவு: ஒப்பீட்டுக் கிராமங்களில் முழுத் தடுப்பூசி 6 சதவீதம், முகாம் மட்டும் நடந்த இடங்களில் 18 சதவீதம், பருப்பும் கொடுத்த இடங்களில் 39 சதவீதம். முதல் ஊசிக்கு வந்தவர்கள் இரண்டு வகை முகாம்களிலும் ஏறக்குறைய சமம்தான். வேறுபாடு கடைசி ஊசி வரை வந்தார்களா என்பதில் இருந்தது. இலவசப் பருப்பு கொடுத்தால் செலவு ஏறும் என்று நினைப்போம். ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட ஆன செலவு பருப்பு இல்லாத முகாமில் 56 டாலர், பருப்போடு 28 டாலர். செவிலியரின் சம்பளமும் வண்டிச் செலவும் எப்படியும் ஆகப்போகின்றன. அதே நாளில் கூடுதல் குழந்தைகள் வந்தால் தலைக்கு ஆகும் செலவு குறைகிறது.

உங்களிடம் 134 கிராமங்கள் இருக்கத் தேவையில்லை. 400 வீடுகளுக்குச் சொத்துவரி அறிவிப்பு அனுப்புகிறீர்கள் என்றால், சீட்டுக் குலுக்கி 200 வீடுகளுக்குப் பழைய கடிதம், 200 வீடுகளுக்குப் புதிய கடிதம் என்று அனுப்புங்கள். எந்த வீட்டுக்கு எது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், சீட்டே தேர்ந்தெடுக்கட்டும். எந்த நாளில் எண்ணப் போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். 400 வீடுகளில் ஓரிரு சதவீத வேறுபாடு தற்செயலாகவும் வரும். அதை வெற்றி என்று கொண்டாடாமல் அடுத்த தவணையிலும் சோதியுங்கள்.

படி 6: பெரிய எண்களைக் கண்டால் நிதானியுங்கள்

இந்தத் துறையை நேசிப்பவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை மேலே போட வைத்தால் மக்கள் பொய் சொல்வது குறையும் என்று 2012-ல் வெளியான ஓர் ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அதிலிருந்த ஒரு சோதனையின் தரவுகள் புனையப்பட்டவை என்று தெரியவந்ததால் 2021-ல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இன்னொரு கணக்கெடுப்பு, அமெரிக்காவின் இரண்டு நட்ஜ் குழுக்கள் 2.3 கோடி மக்களிடம் நடத்திய 126 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஆய்விதழ்களில் வெளியான கட்டுரைகளில் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளி. இந்தக் குழுக்களின் களப்பணியில் 1.4 சதவீதப் புள்ளி. ஏறத்தாழ இலவசமாகக் கிடைக்கும் 1.4 என்பதும் மதிப்புள்ளதுதான். ஆனால் 8.7 வரும் என்று நம்பி வரவு செலவுத் திட்டம் போடுகிறவர் ஏமாந்துபோவார்.

படி 7: வெளிப்படையாகச் சொல்ல முடியுமா?

நீங்கள் செய்யப்போகும் மாற்றத்தை ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "பருப்பு தருகிறோம், நீங்கள் தள்ளிப்போடாமல் வருவதற்காக" என்று தாய்மாரிடமே சொல்லலாம், ஒருவரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். தெரியாமல் டிக் அடிக்கப்பட்ட கட்டத்தின் வழியே காப்பீட்டைத் தலையில் கட்டுபவரால் அப்படிச் சொல்ல முடியாது. விலகும் வழி சேரும் வழியைப் போலவே எளிதாக இருக்க வேண்டும்.

உந்துதலைக் காட்டி அடிப்படை வேலையிலிருந்து தப்பித்துக்கொள்ளவும் கூடாது. உறுப்பு தானத்தில் 'மறுக்காதவர் சம்மதித்தவர்' என்ற சட்டம் 1979 முதல் ஸ்பெயினில் இருக்கிறது. அந்த நாடு உலகின் முன்னணிக்கு வந்ததோ, 1989-ல் தேசிய அமைப்பை உருவாக்கி, மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்திய பிறகு. துயரத்தில் இருக்கும் குடும்பத்தின் அருகில் உட்கார்ந்து பேசத் தெரிந்த மனிதர் அங்கே தேவைப்பட்டார். தமிழ்நாடு 2023-ல் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு இறுதிச்சடங்கில் அரசு மரியாதை என்று அறிவித்தபோது நான் உண்மையில் மகிழ்ந்தேன். அந்தக் குடும்பத்தின் முடிவை ஊரே பார்க்கும்படி செய்கிறது அது. ஆனால் அந்த மரியாதைக்கு முன்னால், நள்ளிரவில் குடும்பத்தோடு பேச ஒருவர் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும்.

படி 8: பெரிதாக்கும்போது மீண்டும் சோதியுங்கள்

30 கிராமங்களில் வேலை செய்தது 3,000 கிராமங்களில் வேலை செய்யும் என்பதற்கு உறுதி இல்லை. பானர்ஜி, டுஃப்லோ குழுவினர் பின்னர் ஹரியானா அரசோடு சேர்ந்து ஏழு மாவட்டங்களில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். இம்முறை ஊக்கத்தொகை, குறுஞ்செய்தி நினைவூட்டல், ஊருக்குள் செய்தி பரப்பும் தூதர்கள் என்ற மூன்றையும் வெவ்வேறு அளவுகளில் கலந்து 75 சேர்க்கைகளைச் சோதித்தார்கள். மூன்றும் சேர்ந்த ஒரு கலவை தடுப்பூசி எண்ணிக்கையை 44 சதவீதம் உயர்த்தியது. கொடுத்த பணத்துக்கு அதிகப் பலன் தந்தது எது என்று பார்த்தால், ஊக்கத்தொகையே இல்லாத கலவை: குறுஞ்செய்தியும் தூதர்களும் மட்டும்.

அந்தத் தூதர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை நீங்கள் நாளைக்கே உங்கள் ஊரில் செய்து பார்க்கலாம். பதவியில் இருப்பவர் யார், படித்தவர் யார் என்று அவர்கள் தேடவில்லை. சில வீடுகளுக்குப் போய், ஊரில் ஒரு திருவிழாவோ தெருக்கூத்தோ நடக்கப்போகிறது என்று யாரிடம் சொன்னால் அது ஊர் முழுக்கப் பரவும் என்று கேட்டார்கள். யார் பெயர் திரும்பத் திரும்ப வந்ததோ அவரிடம், தடுப்பூசி பற்றிய செய்தியை ஊரில் பரப்பும்படி கேட்டுக்கொண்டார்கள்.